நாக்கை நீட்டிய அட்மின்

ஜூன் 2

கட்டெறும்புக்கு,

போனை எடுக்க மாட்டாய். சரி, கடிதத்தை எப்படி எடுக்காமல் இருக்கிறாய் என்று பார்க்கிறேன். இது உன் அத்தானின் யோசனை. "நீங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் போன்ல ஒரே நேரத்துல பேசறீங்க, யாருமே கேட்கறதில்ல. எழுதுங்க. எழுதும்போது குறுக்கே பேச முடியாது" என்றார். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கம்ப்யூட்டர் வேலைக்கென்று போனாயே, அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த அறையில் காற்று வருகிறதா? விசாரித்தாயிற்று. இனி விஷயம்.

நம் பெயர்ப்பலகைக் கடைக்கு ஸ்டிக்கர் வெட்டும் புது கட்டிங் மெஷின் வந்துவிட்டது. நீ படம் காட்டிக் காட்டி என் உயிரை எடுத்தாயே, அதே அகலமான மெஷின். கடைக் கதவில் ஒரு பக்கத்தைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்தால், இப்படி ஒரு மெஷினைத் தனக்குத் தெரியாது என்கிறது. மென்பொருளை அப்டேட் செய்யச் சொல்கிறது. இதென்ன பிரமாதம் என்று பட்டனை அமுக்கினேன்.

உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் உன் முகம்! நாக்கை நீட்டிக்கொண்டு! அத்தான் பிறந்த நாளுக்கு நான் எடுத்தேனே, அந்தப் படம். கீழே பாஸ்வேர்ட் கேட்டு ஒரு கட்டம். என்னுடையதை அடித்தேன். தவறு என்றது. இன்னும் நிதானமாக அடித்தேன். தவறு. மூன்றாவது தடவை நீ நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டின மாதிரி இருந்தது.

விடுவேனா? இணையத்தில் தேடினேன். ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து 'சூடோ' என்று தொடங்கும் ஒரு வரியை அடித்தால் அப்டேட் ஆகும் என்று போட்டிருந்தது. அடித்தேன். அதுவும் பாஸ்வேர்ட் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அதுவரை நன்றாக வேலை செய்த கீபோர்டு அந்த நிமிஷமே செத்துப்போய்விட்டது என்று நினைத்து, பக்கத்துத் தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்தேன். அதுவும் அப்படியே. ஆத்திரத்தில் என்டரைத் தட்டினால் ஒரு வரி வந்தது: என் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லையாம், "இந்தச் சம்பவம் குறித்துத் தகவல் அளிக்கப்படும்" என்று மிரட்டல் வேறு.

யாருக்குடி தகவல் போகும்? போலீஸுக்கா? அத்தான் நேற்றிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், "வந்துட்டாங்க, ஓடு" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தைகள் நூலகத்தை முப்பதாம் தேதி திறக்கிறார்கள். கண்ணாடிக் கதவு எழுத்து, சுவரில் ஓடும் விலங்குகள், எல்லாம் புது மெஷினில்தான் வெட்ட முடியும். பாஸ்வேர்டை எழுதி அனுப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

"உன் கடை, உன் இஷ்டம்" என்று போனை வைத்தாயே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நிறத்துக்காக யாராவது வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் போவார்களா?

அக்கா


ஜூன் 7

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். காற்று வருகிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

கீபோர்டு செத்துப்போகவில்லை. கறுப்பு ஜன்னலில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது எதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் எண்ணிப் பார்த்துவிடக் கூடாதே என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. அதில் என் விரல் பழகியிருக்கிறது.

தகவல் போலீஸுக்குப் போகாது. அந்தக் கம்ப்யூட்டரின் நிர்வாகிக்குப் போகும். அதாவது எனக்கு. அதற்குள்ளேயே ஒரு மூலையில் பதிவாகிக் கிடக்கும், நான் வந்து பார்த்தால்தான் உண்டு. அத்தானை வாசலைப் பார்க்க வேண்டாம் என்று சொல்.

இப்போது கோபப்படாமல் படி. நம் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் எழுதுவது, வரைவது, வெட்டுவது எல்லாம் உன் பெயரிலேயே செய்துகொள்ளலாம். அது உன் இடம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அப்டேட் என்பது கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவான சாமானைக் கழற்றி மாட்டுகிற வேலை. அதனால் அதற்கு மட்டும், "நீ யார், உனக்கு அனுமதி உண்டா?" என்று கேட்கும். எனக்கு அனுமதி இருந்தும் என்னையும் ஒவ்வொரு முறையும் கேட்கும். நான்கூட நாள் முழுக்க நிர்வாகியாக உட்கார்ந்திருப்பதில்லை. தேவையான நேரத்தில் பாஸ்வேர்ட் கொடுத்து, வேலை முடிந்ததும் சாதாரண ஆளாக இறங்கிவிடுவேன். தூக்கக் கலக்கத்தில் ஏதாவது தவறாகத் தட்டினாலும் பெரிய சேதம் வராது.

உன்னை ஏன் நிர்வாகியாக்கவில்லை? பழைய கம்ப்யூட்டரை நினைத்துப் பார். "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று எது வந்தாலும் நீ 'சரி' 'சரி' என்று தட்டிக்கொண்டே போவாய். படிக்கவே மாட்டாய். கடைசியில் நாம் வரைந்து வைத்த பலகை டிசைன் பாதி போயிற்று. அதற்குப் பயந்துதான்.

பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுத முடியாது. இங்கே நான் மற்றவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். தூரத்திலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழியையும் பாதுகாப்புக்காக நானே அடைத்துவிட்டு வந்தேன். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். மாதக் கடைசிவரை லீவும் கிடைக்காது.

நூலகக் கதவு மஞ்சளா நீலமா?

தங்கை


ஜூன் 11

கட்டெறும்பே,

கடித்துவிட்டாய். சந்தோஷமா?

கடை என்னுது, மேஜை என்னுது, கரண்ட் என்னுது, அனுமதி மட்டும் உன்னுது! காலையில் சட்டரைத் தூக்குவது நான், கம்ப்யூட்டருக்குப் பொட்டுத் தூசி விழாமல் துணி போட்டு மூடுவது நான். நான் தொட்டால் மட்டும் சம்பவமாம், தகவலாம். வாடிக்கையாளர் எதிரில் அந்த வரி வந்திருந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உன் விளக்கத்தை அத்தான் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். "பொண்ணு நியாயமாத்தானே எழுதியிருக்கா" என்றார். அன்றைக்கு அவர் பாத்திரம் அவரே கழுவினார்.

எதிர்க் கடையில் போன் ரிப்பேர் பார்க்கிறவர் இருக்கிறாரே, அவரைக் கூப்பிட்டேன். "பாஸ்வேர்டெல்லாம் எதுக்குக்கா? மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம். நீங்களே அட்மின். ஒரு பயலைக் கேட்க வேண்டாம்" என்றார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் எதையோ அமுக்க, மறுபடி அந்தப் பெட்டி வந்தது. மறுபடி உன் மூஞ்சி. "யாருக்கா இது, குழந்தையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அழித்தால் அந்தப் படமும் போய்விடும். நீ உட்கார்ந்து உட்கார்ந்து வரைந்த யானை, ஒட்டகம், அந்தக் கோணல் கழுத்து ஒட்டகச்சிவிங்கி, எல்லாம் போய்விடும். "வேண்டாம், எழுந்திருங்க" என்றேன். மனிதர் திருதிருவென்று விழித்துக்கொண்டே போனார்.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? காகிதத்தில் அச்சடித்து, ஸ்டிக்கர் மேல் ஒட்டி, பிளேடால் கையாலேயே வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு முயல் முடிந்திருக்கிறது. அதற்கும் ஒரு காது மழுங்கிவிட்டது. கட்டை விரலில் துணி சுற்றியிருக்கிறேன். ரொம்ப ஒன்றும் இல்லை, பயப்படாதே. இந்த வேகத்தில் போனால் நூலகத்தில் படிக்க வரும் குழந்தைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

நீலம்தான் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்று அத்தான் வழியாகத் தெரிந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நல்ல வேலை. நான் எதுவும் சொல்லவில்லை.

அக்கா

(அத்தான் இங்கே ஒரு வரி எழுதுகிறார்: உன் அக்கா உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே பேசுகிறார்கள். இது அவளுக்குத் தெரியாமல் எழுதியது, உறையை ஒட்டுவது நான்தானே.)


ஜூன் 16

அக்கா,

விரலில் துணி மட்டும் சுற்றினால் போதாது. மருந்து போடு. முதலில் அதைச் செய்துவிட்டு இதைப் படி.

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஒரு கூத்து. பிரசவ வார்டு கம்ப்யூட்டரில் பிரிண்டர் மக்கர் பண்ணியது. ஒரு சின்ன அப்டேட், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். வார்டு நர்ஸ் வேறு, "சீக்கிரம் பாரும்மா, சீட்டு வரலைன்னா யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்று தலைமேல் நிற்கிறார். கறுப்பு ஜன்னலைத் திறந்து 'சூடோ' அடித்தேன். என் பெயர் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் குறித்துத் தகவல் அளிக்கப்படும்.

எனக்கு! எனக்கே அந்த வரி!

காதெல்லாம் சூடாகிவிட்டது. நேரே மேலதிகாரி அம்மாவிடம் போய், "என் மேல நம்பிக்கை இல்லைன்னா எதுக்கு என்னை வேலைக்கு வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதறவே இல்லை. "உட்காரு. வார்டு மெஷின்ல மருந்து அளவு பார்க்கற மென்பொருளும் ஓடுது. ஒண்ணை அப்டேட் பண்ணினா இன்னொண்ணு நிக்கும். போன வருஷம் நின்னுச்சு. அதனால ரெண்டு பேர் பார்த்துட்டுத்தான் செய்யறோம், என்னையும் சேர்த்து. இதை உன்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். இருவரும் சேர்ந்து பார்த்தோம், அப்டேட் ஆயிற்று, பிரிண்டர் ஓடியது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அறைக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். அந்த அம்மா எனக்குக் காரணம் சொல்ல ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான் ஆனது. நான் உனக்குக் காரணமே சொல்லாமல் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அக்கா, இதையும் கேள். நீயும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றைக்குக் கடைக்கு வந்த நூலகத்து அம்மா கதவு எழுத்துக்கு என்ன நிறம் என்று என்னைத்தான் கேட்டார். உள்ளே இருட்டு, அதனால் மஞ்சள் என்றால் வெளியிலிருந்தே குழந்தைகளுக்குத் தெரியும் என்று நான் விளக்கமாகச் சொல்லி முடித்தேன். அவரும் தலையாட்டினார். நீ உள்ளே வந்தாய். "அவ சொல்றதை விடுங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. நிறத்துக்காக நான் கிளம்பவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கடையில் இருந்தும், ஒரு விஷயத்தை என் வாயால் முடித்துவைத்ததில்லை. அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் நான் சொன்னதுதான் சட்டம். அதனால்தான் அதை விட மனசு வரவில்லை. 'சரி' 'சரி' தட்டுகிறாய் என்று எழுதினேனே, அது பாதிக் காரணம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பாஸ்வேர்டை எழுத மாட்டேன் என்றேன், எழுதப் போவதில்லை. ஆனால் உனக்கு அது தெரியும். கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும், எந்த அளவு, எந்த நிறம், நாளைக்குக் கிடைக்குமா, எதுவானாலும் நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். அதுதான். இடைவெளி விடாமல், எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில் அடி. நீளமான பாஸ்வேர்டு, லேசில் யாரும் உடைக்க முடியாது.

என் பெயரில் உள்ளே போ. செட்டிங்கில் பயனர்கள் என்று இருக்கும். உன் பெயருக்கு நேரே 'நிர்வாகி' என்ற பட்டனை மாற்று. பிறகு வெளியே வந்து உன் பெயரில் மறுபடி உள்ளே போ, அப்போதுதான் அனுமதி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அப்டேட். இனிமேல் உன் முகம் வரும், உன் பாஸ்வேர்டையே கேட்கும். தயவுசெய்து என்ன வருகிறது என்று படித்துவிட்டு 'சரி' தட்டு. நடுவில் மட்டும் அணைத்துவிடாதே.

கடைசியாக ஒன்று. நீ நிர்வாகி ஆனதும் என்னை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கலாம். மொத்தமாகவே நீக்கலாம். உனக்கு அந்த அனுமதியும் உண்டு. என்னைக் கேட்க வேண்டாம்.

கட்டெறும்பு


ஜூன் 21

என் கட்டெறும்பே,

விரலுக்கு மருந்து போட்டாயிற்று. அத்தான் போட்ட கட்டில் விரல் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அதோடுதான் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் என்று எழுதினாயா, மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். முதலில் "நாளைக்கு வாங்க" அடித்தேன். இல்லை. "கொஞ்சம் இருங்க" அடித்தேன். இல்லை. "முடியாது" என்றுகூட அடித்துப் பார்த்தேன், உன் குணத்துக்கு அதுவும் பொருத்தம்தானே. அப்போது ஒரு அம்மாள் கடைக்கு வந்தாள். வீட்டு வாசல் பலகைக்கு விளிம்பு வட்டமா, சதுரமா என்று கேட்டுவிட்டு, "போன தடவையும் உங்க தங்கச்சி, அக்காவைக் கேட்டுச் சொல்றேன்னுதான் சொன்னா, நீங்க இருந்தது நல்லதாப் போச்சு" என்றாள்.

அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டு அடித்தேன். அக்காவைக்கேட்டுச்சொல்றேன். எழுத்து முன்னே பின்னே ஆகி இரண்டு முறை தவறு என்றது. அப்புறம் திறந்துகொண்டது.

தினமும் அதை அடித்தா உள்ளே போனாய், பாவி?

அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. வட்டமா சதுரமா என்று கேட்டவள் பயந்து, "எது வேணாலும் போடுங்க" என்று போய்விட்டாள். அவள் பலகைக்கு விளிம்பு நீ சொல்.

நீ எழுதிய மாதிரியே செய்தேன். பட்டனை மாற்றினேன், வெளியே வந்தேன், உள்ளே போனேன். அப்டேட் தட்டினேன். பெட்டி வந்தது. இந்தத் தடவை உன் முகம் இல்லை, என் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள். என்னமோ வெறிச்சென்று இருந்தது, போ. பாஸ்வேர்ட் அடித்தேன். 'சரி' தட்டும் முன் எல்லாவற்றையும் படித்தேன், அத்தான் சாட்சி. பாதி புரியவில்லை, ஆனாலும் படித்தேன். வரி வரியாக ஏதோ ஓடியது. நடுவில் எழுந்திருக்கவே இல்லை, யாராவது பிளக்கில் கால் வைத்துவிட்டால் என்ன ஆகும்! அது முடிந்ததும் மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுத் தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தியது. நானும் அத்தானும் கைதட்டினோம்.

அந்தத் தகவல் மூலையையும் அத்தான் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். நான் தட்டின ஒவ்வொரு தடவையும் பதிவாகியிருக்கிறது. உன் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்யப் போதும்.

விலங்குகளை எல்லாம் வெட்டி, பிசிறெல்லாம் ஊசியால் கிள்ளி எடுத்தாயிற்று. கோணல் கழுத்து ஒட்டகச்சிவிங்கியை நிமிர்த்தலாமா என்று கை பரபரத்தது. நிமிர்த்தவில்லை.

இன்று நூலகத்து அம்மா போன் செய்தார். "கதவுக்கு நீலம்தானே? முடிச்சிடலாமா?" என்று கேட்டார். நீல ஸ்டிக்கர் சுருள் மெஷினில் மாட்டித் தயாராக இருந்தது. 'ஆமாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருங்க, என் தங்கச்சியைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

சொல். நீ சொல்லும்வரை கதவு எழுத்தை வெட்ட மாட்டேன். முப்பதாம் தேதி திறப்பு, ஞாபகமிருக்கட்டும்.

உன்னைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. நீக்குகிற ஆளைப் பார். அத்தனை தடவை ஊகித்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று அத்தான் சொல்கிறார். நான் தொடமாட்டேன். என்றைக்கு வந்தாலும் நீயே உட்கார்ந்து புதுசு வை, நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்த வேலையிலேயே இருந்துவிட முடிவு செய்தாலும் வந்து மாற்றிவிட்டுப் போ. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை.

அக்கா


ஜூன் 25

அக்கா,

மஞ்சள்.

நீலச் சுருளைத் திருப்பிக் கொடுக்காதே, உள்சுவரில் மீன்கள் வெட்டி ஒட்ட ஆகும். அது என் யோசனை மட்டும், அங்கே நீ நினைத்தபடி செய். அந்த அம்மாள் பலகைக்கு விளிம்பு வட்டம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், இரண்டு தரமும் அழுதேன். விரலை அவிழ்த்துக் காற்றாட விடு, அத்தானை இனிமேல் கட்டுப் போட விடாதே.

இன்று மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். தாளை நீட்டி, "என்னம்மா, எங்களோடயே இருந்துடறியா?" என்றார். பழக்க தோஷம், "எங்க அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இதை எதற்கு உன்னைக் கேட்க வேண்டும்?

"வேண்டாம்மா, கேட்க வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசிக்கு மீதியிருந்த நாளை அவரே விட்டுக்கொடுத்தார். திறப்புக்கு முன்னால் வரும் ஞாயிறு காலை பஸ். கதவு எழுத்தை நாம் சேர்ந்தே ஒட்டுவோம், ஒருத்தியாக ஒட்டினால் காற்றுக் குமிழ் விழும். இத்தனை வருஷத்தில் கடைச் சாவி என் கையில் ஒரு நாளும் இருந்ததில்லை. நான் வருவதற்குள் எனக்கென்று ஒரு சாவி செய்து வை.

கேட்கவில்லை, சொல்கிறேன்.

கட்டெறும்பு